இரண்டு புள்ளி எட்டு

சின்னக் குழந்தைகளின் கையில் நரம்பு பிடித்து ரத்தம் எடுப்பதில் செங்கல்பட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அம்மா மடியில் குழந்தை கதறிக்கொண்டிருக்கும். "அதோ பார், காக்கா" என்பேன். குழந்தை ஜன்னல் பக்கம் திரும்பிக் காக்காவைத் தேடி முடிப்பதற்குள் டியூபில் ரத்தம் ஏறியிருக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன லேப். இருபது வருஷத்துக்கு மேலாக அங்கேதான் வேலை. டாக்டர்களே போன் செய்து, "நீங்களே எடுங்க, வேற யார்கிட்டயும் விடாதீங்க" என்பார்கள். அந்தத் தலைக்கனத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததில் பாதி அதனால் வந்தது.

மீதிப் பாதி என் கால்களால் வந்தது. என் உயரம் ஐந்தடிகூட இல்லை. நேராக நின்றால் இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு சொம்பை வைக்கலாம். பள்ளிக்கூடத்தில் என்னை வாத்து என்றார்கள், கோபித்துக்கொண்டு பயனில்லை, நடை அப்படித்தான் இருந்தது. முப்பது வயதுக்குள் ஆறு பல் போய்விட்டது. பல்லில் சொத்தையே இருக்காது, ஆனால் ஈறு வீங்கிச் சீழ் வைக்கும். பல் டாக்டர் ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுவார், பிடுங்கிவிடுவார். காலுக்கும் பல்லுக்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, தினமும் ரத்தத்தோடு புழங்குகிற எனக்கும் தோன்றவில்லை.

நான் பிறந்தது மாமல்லபுரத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. நடக்க வேண்டிய வயதில் நான் நடக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று அம்மா காலையில் என்னைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஈர மணலில் குழி தோண்டி, இடுப்புவரை புதைத்து வைப்பாள். வெயில் ஏறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வயிற்றில் நான் இருந்தபோது அவள் சரியாகச் சாப்பிடவில்லை, பிறந்த பிறகு பாலும் போதவில்லை, அதனால்தான் பிள்ளையின் கால் இப்படி என்று தெருவே தீர்ப்புச் சொன்னது. அம்மாவும் அதை ஒப்புக்கொண்டாள். என் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் "பாவி நான்" என்று சொல்லிக்கொண்டேதான் தேய்ப்பாள். நானும் அதை நம்பினேன். சோறு போதாத வீட்டுப் பிள்ளையின் கால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. மனைவி தஞ்சாவூர்ப் பக்கம். கல்பாக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்து வந்தவள். என் காலைப் பார்த்தும் சரி என்றாள். ஏன் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை, கேட்கிற தைரியம் வந்ததில்லை. திருக்கழுக்குன்றத்தில் வாடகைக்கு வீடு பிடித்தோம். அவள் கிழக்கே பஸ் ஏறுவாள், நான் மேற்கே ஏறுவேன். மறு வருஷம் மகள் பிறந்தாள். என் வீட்டில் இல்லாமல் போனது எதுவும் இவளுக்கு இல்லாமல் போகக்கூடாது என்று பாலும் முட்டையும் வாங்கிக் குவித்தேன். ஆறு மாதத்தில் மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தாய்ப்பால் அதோடு நின்றது.

ஒன்றரை வயதில் மகள் நடந்தாள். நடக்க நடக்கக் கால் வெளியே வளைந்தது. முதலில் வாய்விட்டுச் சொன்னது என் அக்கா. மாமல்லபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள், எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"இன்னாம்மா இது, புள்ள காலு இப்டி வளைஞ்சிகினு போவுது, நீ பாட்டுக்கு இஸ்கூலுக்குப் போய்கினு கீற? பால நிறுத்திட்டு வேலைக்கு ஓடுனா இப்டித்தான் ஆவும்."

மனைவி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்று வீட்டுக்கு வந்ததும், "ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாங்க" என்றாள்.

"டாக்டர் எதுக்கு? முதல்ல என்ன எழுதுவார்? ரத்த டெஸ்ட் எழுதுவார். அத நானே பாத்துட்டுப் போறேன்" என்றேன்.

மகளுக்கு அப்போது இரண்டு வயதும் ஒரு மாதமும். என் மடியிலேயே வைத்து நானே எடுத்தேன். காக்காவைக் காட்டினேன். அவளும் பார்த்தாள். கால்சியம் போட்டேன், சரியாக இருந்தது. ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்று ஒன்று உண்டு, எலும்பு வளருகிற வேலையைக் காட்டுவது, அது மிக அதிகமாக இருந்தது. ஆனால் வளருகிற குழந்தைகள் எல்லோருக்குமே அது அதிகமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதுதான் தொல்லை. பாஸ்பரஸ் இரண்டு புள்ளி எட்டு வந்தது. பக்கத்தில் கம்ப்யூட்டர் தானாக அச்சடிக்கிற நார்மல் அளவு இரண்டரையிலிருந்து நாலரை வரை. உள்ளே இருந்தது. அளவு தப்பினால் விழுகிற நட்சத்திரக் குறி விழவில்லை.

கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியின் முன்னால் விரித்துக் காட்டினேன். "பாரு, நட்சத்திரமே இல்ல" என்றேன். பரீட்சையில் பாஸான பையன்கூட அப்படிப் பெருமைப்பட்டிருக்க மாட்டான். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "அப்ப ஒண்ணும் இல்லையா?" என்று இரண்டு தரம் கேட்டாள். ஒன்றுமில்லை என்று இரண்டு தரமும் சொன்னேன். எங்கள் ஊர்க் குழந்தை டாக்டரும் அந்தக் காகிதத்தைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார், "இவரே பாத்தா அப்புறம் என்ன. மூணு வயசுல தானா நேராயிடும்" என்று சொல்லி வைட்டமின் டி எழுதிக் கொடுத்தார்.

மூன்று வயது வந்தது, நேராகவில்லை. நான்கு வந்தது. அக்கா சொன்னாள் என்று மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய் மணலில் புதைக்க ஆரம்பித்தாள். எம்.எஸ்ஸி. படித்தவள், வகுப்பில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் நடத்துகிறவள், கையால் குழி தோண்டினாள். நான் பக்கத்தில் நின்று தேங்காய் மாங்காய் சுண்டல் தின்றேன். எனக்குக் கவலை இல்லை, என்னிடம் காகிதம் இருந்தது. யாராவது மகளின் காலைப் பற்றிக் கேட்டால், "டெஸ்ட் எல்லாம் நார்மல். என்னை மாதிரி ஜாடை, அவ்வளவுதான்" என்பேன். அந்தச் சொல்லை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. உண்மையைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டே பேசியிருக்கிறேன்.

ஐந்து வயதில் மகள் பள்ளிக்கூட மைதானத்தில் அடிக்கடி விழ ஆரம்பித்தாள். ஒரு நாள் மனைவி என்னைக் கேட்காமலே சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகளின் ஹார்மோன் கோளாறுகளைப் பார்க்கிற டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு வந்தாள். எனக்குக் கோபம். இருந்தாலும் போனேன். ஃபைலில் என் ரிப்போர்ட்டை மேலாக வைத்து எடுத்துப் போனேன்.

அந்த டாக்டர் அம்மாள் மகளைப் பார்த்தார், எக்ஸ்ரேவுக்கு எழுதினார். மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அந்தக் கதவு வரைக்கும் நடந்து போய்ட்டு வாங்க."

"நானா?"

"நீங்கதான்."

நடந்தேன். நாற்பது வயதுக்காரன், ஒரு அறைக்குள் வாத்து போலப் போய்த் திரும்பினேன். பல் எப்படி என்று கேட்டார். வாயைத் திறந்து காட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் ஃபைலை எடுத்தார். என் ரிப்போர்ட்டில் பேனா முனையை ஒரே இடத்தில் வைத்தார்.

"பாஸ்பரஸ் ரெண்டு புள்ளி எட்டு. ரெண்டு வயசுக் குழந்தைக்கு இது ரொம்பக் குறைவு. குழந்தைகளுக்கு நாலுக்கு மேலயாவது இருக்கணும். இங்க போட்டிருக்கிற நார்மல் பெரியவங்களோடது. எந்த லேப் இது? யாரும் பாக்கலையா?"

"நான்தான் பாத்தேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. "மூணு வருஷம்" என்று மட்டும் சொன்னார். அப்போது கதவு திறந்து மனைவி மகளோடு உள்ளே வந்தாள். டாக்டர் பேச்சை மாற்றி நோயை விளக்க ஆரம்பித்தார். அந்த மூன்று வருஷத்தைப் பற்றி அந்த அறையில் கேட்டவன் நான் ஒருவன்தான்.

அவர் சொன்னது எனக்கு இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. எலும்புக்குக் கால்சியம் மட்டும் போதாது, பாஸ்பேட்டும் சேர்ந்தால்தான் இறுகும். ரத்தத்தில் அது குறைந்தால் எலும்பு வளரும், ஆனால் கெட்டிப்படாது. கலவை காயாத சுவர் மேல் மாடி கட்டுகிற மாதிரி, உடம்பின் பாரத்தில் வளையும். இவளுக்குச் சாப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. எலும்பிலிருந்தே சுரக்கிற ஒரு ஹார்மோன் இவளுக்கு அளவுக்கு மேல் இருக்கிறது. அது சிறுநீரகத்திடம் பாஸ்பேட்டை வெளியே தள்ளு என்கிறது, சிறுநீரகமும் தள்ளுகிறது. பால் குடித்தாலும் வெயிலில் நின்றாலும் அது நிற்காது. இது பரம்பரையாக வருவது.

"அப்பாவுக்கு இருந்தா பிறக்கிற பொண்ணுங்க எல்லாருக்கும் வரும். பையன்களுக்கு வராது" என்றார்.

மனைவி என் காலைப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் என் காலைப் பார்த்ததை நான் பார்த்தது அப்போதுதான். "எங்க வீட்ல வேற யாருக்கும் இல்லையே டாக்டர்" என்றேன். சில பேருக்கு அவர்களிடமே புதிதாகத் தொடங்கும் என்றார். அப்படியென்றால் என் அம்மாவின் சாப்பாட்டிலோ பாலிலோ எதுவும் இல்லை. அதைச் சொல்ல அம்மா இல்லை. அவள் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். மனைவி நான் மகளுக்காக அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"நான்தாங்க லேட் பண்ணிட்டேன்" என்றாள். "அப்ப ரிப்போர்ட் நார்மலா இருந்தும் எனக்கு மனசு கேக்கல. அப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். பஸ் மறைமலைநகர் தாண்டி நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. வேண்டிய நேரம் இருந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் லேபில் முதல் வேலையாக என் ரத்தத்தை நானே எடுத்துப் போட்டேன். இருபது வருஷமாக ஊரார் ரத்தத்தைப் பார்த்தவன் என்னுடையதைப் பார்த்ததே இல்லை. ஒன்று புள்ளி ஒன்பது. பக்கத்தில் நட்சத்திரம். பிறகு கம்ப்யூட்டரில் குழந்தைகளுக்குத் தனி அளவுகளை ஏற்றினேன். கால் மணி நேர வேலை. முதலாளி, "இத ஏன் முன்னாடியே பண்ணல?" என்று சாதாரணமாகக் கேட்டார். அடுத்த டியூபை எடுத்து மெஷினில் வைத்தேன்.

வைத்தியம் ஆரம்பமானது. பாஸ்பேட் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஒரு நாளைக்கு ஐந்து தரம், அதோடு ஒரு மாத்திரை. ஒரு தடவை கொடுத்தது மூன்று நான்கு மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும், அதனால் மறுபடி, மறுபடி. பாலோடு கொடுக்கக்கூடாது, பாலின் கால்சியம் பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். மகள் அதைக் கடல்தண்ணி என்பாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். சில நாள் வயிற்றால் போகும், வகுப்பிலிருந்து அழுதுகொண்டே ஓடுவாள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ரத்தம், வருஷத்துக்கு ஒரு தரம் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று ஸ்கேன். புதிதாக ஒரு ஊசி வந்திருக்கிறது என்றார்கள், எங்களுக்கு அதன் பேர் மட்டும்தான் எட்டியது. மகளின் பாஸ்பேட்டுக்காக மனைவி தன் பள்ளியிலேயே அவளைச் சேர்த்தாள், இடைவேளை மணி அடித்ததும் பாட்டிலோடு மகளின் வகுப்பு வாசலுக்கு ஓடுவாள்.

போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. "ஏம்மா இவ்ளோ லேட்டா வந்தீங்க?" எக்ஸ்ரே எடுப்பவர் கேட்டார், பிசியோதெரபி சொல்லிக்கொடுப்பவர் கேட்டார். எல்லோரும் என் மனைவியைப் பார்த்துத்தான் கேட்டார்கள். பக்கத்தில் நிற்கிற என்னை ஒருவரும் கேட்டதில்லை. "நான்தாங்க கவனிக்கல" என்று ஒவ்வொரு முறையும் அவள் சொன்னாள். அக்கா பரம்பரை என்பதையே நம்பவில்லை. "நம்ம வூட்ல யாருக்குடா கீது? உனக்கு அம்மா பால் பத்தல, அவ்ளோதான்" என்பாள். கடைசியில் பால் பேச்சை விட்டாள். ஆனால் வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய டீச்சரு. ஊரான் புள்ளைக்கெல்லாம் பாடம் சொல்றா. பெத்த புள்ள காலு வளையறது மூணு வருஷமா கண்ணுக்குத் தெர்லயாம்." தீபாவளிக்குச் சொன்னாள், கல்யாண வீட்டில் பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னாள். மனைவி இலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ரசம் ஊற்றச் சொல்வேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பல தரம் கேட்டிருக்கிறேன். மகளுக்கு வைத்தியம் நடக்கிறது, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்பேன். அது சப்பைக்கட்டு. உண்மையான காரணம் சின்னது, அசிங்கமானது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு எனக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அந்த வேலை. அதை அவள் முன்னால் இழக்கப் பயந்தேன். அதற்காக அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிற்கவிட்டேன். ஐந்து வருஷம்.

போன மாதம் எலும்பு டாக்டரிடம் போனோம். மகளுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. மருந்தில் கால் ஓரளவுதான் நேரானது. இரண்டு முழங்காலிலும் வெளிப்பக்கம் சின்னத் தகடு வைத்து வளர்ச்சியைத் திருப்ப வேண்டும், அதிலும் சரியாகாவிட்டால் பின்னால் எலும்பை வெட்டி நேராக்க வேண்டும் என்றார். சில குழந்தைகளுக்கு ரொம்பச் சின்ன வயதிலேயே மருந்து ஆரம்பித்தால் இது தேவைப்படாமலே போகும் என்றும் சொன்னார். சொல்லும்போது மனைவியைத்தான் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகளின் ஒரு பாவாடையைக் கையில் எடுத்தவள் மடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

"என்னாலதான் அவ காலை வெட்டப் போறாங்க" என்றாள். அழவில்லை. மளிகைக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

ஃபைலின் அடியில் கிடந்த ரிப்போர்ட்டை எடுத்து வந்து துணிகளின் மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அது பெரியவர்களின் அளவு என்பது, கதவு வரை நடந்தது, டாக்டர் பேனாவை வைத்த இடம், அவர் சொன்ன மூன்று வருஷம். அவள் முன்பு போலவே விரலை வைத்துப் படித்தாள். தேதியில் விரல் நின்றது.

"ரெண்டு வயசு, ஒரு மாசம்" என்றாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே. நீ எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தப்ப."

"நான் பஸ்ல உங்க முதுகத் தடவிக்கிட்டு வந்தேனே, அன்னைக்கா?"

"ஆமா."

வெளியே எவனோ பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனான். அந்தச் சத்தம் தெரு முனை தாண்டும்வரை அவள் பாவாடையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"அளவு தப்பா இருந்தது சரி. யாருக்கும் நடக்கும். அத நான் மன்னிச்சிருப்பேன், அன்னைக்கே மன்னிச்சிருப்பேன்" என்றாள். போனை எடுத்து என் கையில் வைத்தாள். "அண்ணிகிட்ட சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். அக்கா எடுத்தாள். எப்படியோ சொன்னேன். தப்பு என்னுடையது அக்கா, ரெண்டு வயசுலயே நான் டெஸ்ட் பண்ணினேன், ரிசல்ட்ட நான்தான் தப்பாப் படிச்சேன், இவ அப்பவே டாக்டர்கிட்ட போகலாம்னு சொன்னா, நான்தான் வேணாம்னேன், இவ மேல ஒரு தப்பும் இல்ல.

கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை வருஷம் அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் இப்போது என் தலையில் விழட்டும் என்று காத்திருந்தேன். விழ வேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது.

"அட, வுட்ரா" என்றாள் அக்கா. குரல் அப்படிக் குழைந்தது. "நாள் முச்சூடும் நூறு பேரு ரத்தத்தப் பாக்கறவன், ஒண்ணு ரெண்டு தப்பத்தான் செய்யும். வேணும்னேவா பண்ணே? அதுக்குப் போய் மனசப் போட்டு வருத்திக்கினு கீறியே. சாப்ட்டியா நீ?"

மனைவி எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இத்தனை வருஷம் காத்திருந்தும் ஒரு தரம்கூடக் கிடைக்காதது எனக்கு ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. கையில் இருந்த பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இந்த நோய் தெரியவந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவள் சத்தம் போட்டு அழுதாள்.